இடுப்பு மூட்டு மாற்று: எந்தப் பந்து, எந்தக் கிண்ணம், சிமென்ட் வேண்டுமா?

இடுப்பு மூட்டை மாற்றத்தான் வேண்டும் என்று முடிவான பிறகு, பலரும் எதிர்பாராத இன்னொரு கேள்வி வந்து நிற்கிறது. செராமிக்கா, மெட்டலா? சிமென்ட் போட்டா, போடாமலா? கையில் தரப்படும் விளம்பரப் பிரசுரத்தைப் பார்த்தால் எல்லாமே அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பம், எல்லாமே ஆயுளுக்கும் உழைக்கும். வலியோடு நாளைத் தள்ளுகிறவரோ, அப்பா அம்மாவுக்காக அலைகிற பிள்ளையோ இதில் எதைப் பிடித்துக்கொண்டு முடிவெடுப்பது?

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் புதிது என்பதற்காக எதற்கும் மதிப்பெண் கொடுக்கக் கூடாது. கடந்த அறுபது ஆண்டுகளில் மிக மோசமாகத் தோற்ற பொருட்கள் பலவும் அறிமுகமான நாளில் மிகப் புதியவையாக இருந்தவைதான். ஆய்வகத்து எந்திரத்தில் எவ்வளவு குறைவாகத் தேய்ந்தது என்பதைவிட, உயிருள்ள மனிதரின் உடம்பில் எத்தனை ஆண்டு தாங்கியது என்பதே எனக்கு முக்கியம். கீழே உள்ள ஒப்பீடு முழுக்க அந்தக் கோணத்தில்தான் இருக்கும்.

முதலில் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். செயற்கை இடுப்பு மூட்டு ஒரே பொருளால் ஆனதில்லை. தொடை எலும்பின் உள்ளே இறங்கும் தண்டு ஒன்று. இதை ஸ்டெம் என்பார்கள். அதன் மேல்முனை கூம்பாக இருக்கும். அந்தக் கூம்பில் அழுத்திப் பொருத்தப்படுவது பந்து, அதாவது ஹெட். இடுப்பெலும்பின் குழியில் பதிக்கப்படுவது கப் எனப்படும் கிண்ணம். கிண்ணத்தின் உள்ளே வழவழப்பான இன்னொரு அடுக்கு, அதுதான் லைனர். பந்து சுழல்வது இந்த லைனரின் மேல். "செராமிக்கா மெட்டலா" என்ற கேள்வி பந்தையும் லைனரையும் பற்றியது மட்டுமே. "முழுக்க செராமிக் மூட்டு" என்று சொல்லப்படுவதிலும் தண்டும் வெளிக்கிண்ணமும் உலோகம்தான், பெரும்பாலும் டைட்டானியக் கலவை. தண்டையும் கிண்ணத்தையும் எலும்பில் பிடிக்கவைக்கச் சிமென்ட் வேண்டுமா என்பது தனிக் கேள்வி. பந்தின் அளவு இன்னொரு தனிக் கேள்வி. இவை மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பதற்றம்.

பிளாஸ்டிக் என்றால் முகம் சுளிக்க வேண்டாம்

லைனர் பாலிஎத்திலீன் என்றதும் "பிளாஸ்டிக்கா?" என்று பலர் பின்வாங்குகிறார்கள். இந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி 1950களின் இறுதியில் முதலில் கையிலெடுத்தது டெஃப்லான். உலகிலேயே மிக வழுக்கும் பொருட்களில் ஒன்று, உடம்போடு வினைபுரியாது என்ற நம்பிக்கை. காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. நோயாளிகளுக்குப் பொருத்திய சில ஆண்டுகளிலேயே அது வேகமாகத் தேய்ந்து, உதிர்ந்த துகள்களைச் சுற்றித் திசுக்கள் கட்டியாகத் திரண்டன. அவர் வைத்த மூட்டுகளை அவரே திரும்பத் திறந்து எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு, மிக அடர்த்தியான பாலிஎத்திலீனை அவருடைய ஆய்வகத்தில் தேய்த்துப் பார்த்தபோது அது அசாத்தியமாகத் தாங்கியது. ஆனாலும் ஒருமுறை சூடுபட்டவர் இல்லையா? இரண்டு பொருட்களின் துகள்களையும் தன் தொடையின் தோலுக்கடியிலேயே வைத்துக்கொண்டு உடம்பு என்ன செய்கிறது என்று பார்த்தார். 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணமும் 22 மி.மீ. அளவுள்ள சிறிய உலோகப் பந்தும் கொண்ட மூட்டைப் பொருத்தத் தொடங்கினார். இன்றைய அறுவை சிகிச்சைக்கு அடித்தளம் அதுதான்.

அந்தப் பழைய பாலிஎத்திலீனும் குறையற்றது இல்லை. ஆண்டுக்குச் சுமார் 0.1 மி.மீ. தேய்ந்தது. கேட்கச் சின்ன அளவாகத் தெரியும். ஆனால் சராசரி மனிதர் ஆண்டுக்குப் பத்து லட்சம் அடிகளாவது எடுத்து வைக்கிறார், ஒவ்வோர் அடியிலும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்கின்றன. உடம்பின் துப்புரவுச் செல்கள் அவற்றை விழுங்கப் பார்க்கும். செரிக்க முடியாமல் அழற்சி உண்டாக்கும். அந்த அழற்சி சுற்றியுள்ள எலும்பைக் கரைக்கும். எலும்பு கரைந்தால் இம்பிளாண்ட் ஆட்டம் கண்டுவிடும். பத்து, பதினைந்து ஆண்டுகளில் மூட்டு தளர்ந்துபோனதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஆரம்பத்தில் பழி சிமென்ட்டின் மேல் விழுந்தது. சிமென்ட்டே இல்லாத மூட்டுகளிலும் எலும்பு கரைந்தபோதுதான் குற்றவாளி துகள் என்று தெரிந்தது.

1990களின் இறுதியில் நிலைமை மாறியது. கதிர்வீச்சு பாய்ச்சினால் பாலிஎத்திலீனின் நீண்ட மூலக்கூறு இழைகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்துகொள்ளும். பிறகு சூடுபடுத்தி, எஞ்சியிருக்கும் வினைத்துடிப்புள்ள மூலக்கூறுகளை அடக்குவார்கள். இல்லையென்றால் ஆக்சிஜன் பட்டு நாளடைவில் நொறுங்கத் தொடங்கிவிடும். இப்படிக் கிடைப்பது குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன். பழையதோடு ஒப்பிட்டால் தேய்மானம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஆண்டுக்கு 0.05 மி.மீ.க்குக் குறைவாகத் தேய்ந்தால் எலும்பு கரைவது அரிது என்று முன்பே கண்டிருந்தார்கள். புதிய பாலி அந்தக் கோட்டுக்கு வசதியாகக் கீழே நிற்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் மனித உடம்பில் இருந்து இதைக் காட்டிவிட்டது. வைட்டமின் ஈ கலந்த வகை அதற்குப் பிறகு வந்தது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்ற யோசனை நல்லதுதான், முடிவுகளும் நன்றாகவே உள்ளன. ஆனால் அது கிடைக்கவில்லையே என்று வருந்தும் அளவுக்கு வித்தியாசம் இல்லை.

பிளாஸ்டிக் என்று தயங்குகிறவர்களின் மனதில் இருப்பது 1980களின் பிளாஸ்டிக். கேட்க வேண்டியது "பாலியா?" என்றல்ல, "குறுக்குப் பிணைப்பு உள்ள பாலியா?" என்பதைத்தான்.

உலோகத்தின் மேல் உலோகம்: வேண்டாம்

இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. பாலித் துகள் எலும்பைக் கரைக்கிறது என்று தெரிந்ததும், பிளாஸ்டிக்கையே தவிர்த்துவிட்டுப் பந்தையும் கிண்ணத்தையும் கோபால்ட்-குரோமியத்திலேயே செய்தால் என்ன என்று 2000களில் பெரிய அலை எழுந்தது. தேய்மானம் மிகக் குறைவு, பெரிய பந்து வைக்கலாம், மூட்டு நழுவாது, இளைஞர்கள் விளையாடலாம் என்றார்கள். எந்திரத்தில் இதெல்லாம் உண்மையாகவும் இருந்தது.

உடம்பில் வேறு கதை. உலோகத்தில் தேய்மானத்தின் கன அளவு குறைவு, ஆனால் துகள்கள் மிக மிகச் சிறியவை, எண்ணிக்கையில் ஏராளம். அவற்றிலிருந்து கோபால்ட், குரோமியம் அயனிகள் இரத்தத்தில் கலந்தன. கிண்ணம் சற்றே செங்குத்தாகப் பொருத்தப்பட்டிருந்தாலும் விளிம்பில் உரசித் தேய்மானம் பல மடங்கானது. மூட்டைச் சுற்றித் தசை அழுகியது, கட்டிபோன்ற வீக்கங்கள் வளர்ந்தன. டெப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் என்ற உலோக-உலோக மூட்டு 2010 ஆகஸ்ட்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. ஐந்தே ஆண்டுகளில் எட்டில் ஒருவருக்கு மறு அறுவை என்ற அளவுக்கு அது தோற்றிருந்தது. நல்ல மூட்டுகளில் பத்து ஆண்டுகளில் மறு அறுவை ஐந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இன்றைய எதிர்பார்ப்பு, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே விதிவிலக்கு, எலும்பை முழுதாக வெட்டாமல், தொடை எலும்பின் சொந்தப் பந்தின் மேலேயே உலோகத் தொப்பி போடும் முறை. ரீசர்ஃபேசிங் என்று அழைக்கப்படும் இது, உடல்வாகு பெரிதாக உள்ள இளவயது ஆண்களுக்கு, அதிலேயே பழுத்த அனுபவம் உள்ள மருத்துவரின் கையில் நன்றாக வேலை செய்திருக்கிறது. பெண்களுக்கும் சிறிய அளவுகளுக்கும் முடிவுகள் மோசம். பர்மிங்காம் எனப்படும் ரீசர்ஃபேசிங் மூட்டைத் தயாரித்த நிறுவனமே 2015-இல் பெண்களுக்குப் பொருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பக்கமே போகக் கூடாது, ஏனென்றால் கோபால்ட்டை வெளியேற்றுவது சிறுநீரகம்தான்.

முன்பே உலோக-உலோக மூட்டு வைத்துக்கொண்டவர்கள் வலி இல்லாவிட்டாலும் இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்வது அவசியம்.

செராமிக்: எங்கே அருமை, எங்கே தொல்லை

உண்மையான ஒப்பீடு இங்கேதான் ஆரம்பிக்கிறது. செராமிக்கை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். பந்தும் லைனரும் செராமிக் என்பது ஒன்று. பந்து மட்டும் செராமிக், லைனர் பாலி என்பது மற்றொன்று. விலைப் பட்டியலிலும் பேச்சிலும் இரண்டையும் "செராமிக்" என்றே சொல்லிவிடுகிறார்கள். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

செராமிக் மேல் செராமிக் என்பது பிரான்சில் பியர் பூத்தான் 1970-இல் தொடங்கிய வழி. தேய்மானம் என்ற ஒரே அளவுகோலை வைத்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. உதிரும் துகள்கள் மிகக் குறைவு, உதிர்வதையும் உடம்பு பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. உலோக அயனித் தொல்லை இல்லை. நாற்பது வயதில் மூட்டு மாற்றிக்கொள்கிறவருக்கு இது கவர்ச்சியாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

தொல்லைகள் இரண்டு. முதலாவது சத்தம். நடக்கும்போது, குனியும்போது மூட்டு கீச்சிடும். எல்லோருக்கும் வராது, ஆனால் வந்தவர்களில் சிலர் வலியே இல்லாமல், சத்தத்துக்காகவே மறு அறுவை செய்துகொண்டிருக்கிறார்கள். கிண்ணம் பொருத்திய கோணம் பிசகி விளிம்பில் சுமை விழுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். பாலி லைனர் சிறு பிசகை மன்னித்துவிடும். செராமிக் லைனர் மன்னிக்காது. உள்ளே பொருத்தும்போது கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலே ஓரம் சிதறலாம். பாலி லைனரில் ஒரு பக்கம் உயர்த்திய விளிம்போடு கூடிய வகைகள் உண்டு, மருத்துவர் அறுவை மேசையருகே நின்றபடியே சூழ்நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். செராமிக்கில் அந்தச் சுதந்திரம் குறைவு.

இரண்டாவது, உடைவது. இதைப் பற்றி பயமும் அதிகம், அலட்சியமும் அதிகம். பழைய அலுமினா வகைப் பந்துகள், பொருத்தப்படும் மூட்டுகளைப் பதிந்துவைத்துப் பின்தொடரும் பிரிட்டன் பதிவேட்டின் கணக்குப்படி, ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் உடைந்தன. இப்போது பரவலாக உள்ளது அலுமினாவில் ஸிர்கோனியா கலந்த, இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும் வகை. அதில் பந்து உடைவது பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் அதே கணக்கில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது: செராமிக் லைனர் உடைவது புதிய கலவையிலும் குறையவில்லை, ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேலேயே நிற்கிறது. அதாவது பொருள் மேம்பட்டதன் பலன் பந்துக்குக் கிடைத்தது, லைனருக்குக் கிடைக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த முழு ஒப்பீட்டிலும் மிகப் பயனுள்ள தகவல் இதுதான். செராமிக்கின் நன்மையைப் பந்தில் எடுத்துக்கொண்டு லைனரைப் பாலியாக வைத்துக்கொள்வது ஏன் புத்திசாலித்தனம் என்பதற்கு இதைவிட நேரடியான காரணம் தேவையில்லை.

தயாரிப்பில் சின்ன மாற்றம்கூட எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2001 ஓர் உதாரணம். ஸிர்கோனியாவில் மட்டும் செய்யப்பட்ட பந்துகள் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன. ஒரு நிறுவனம் சூளையின் வகையை மாற்றியது. அதற்குப் பிறகு வந்த தொகுதிகளில் சில, பொருத்திய கொஞ்ச காலத்திலேயே உடையத் தொடங்க, எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பொருளின் பெயர் மாறவில்லை, வடிவம் மாறவில்லை. சூளை மட்டும்தான் மாறியது.

உடைந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை நோயாளியும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கண்ணாடித் தூள்போல நுண்ணிய சில்லுகள் திசுக்களில் சிதறியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. அந்த இடத்தில் உலோகப் பந்தை வைத்தால் மிச்சமிருக்கும் சில்லுகள் உப்புத்தாள்போல அதை அரைத்துவிடும். 2014-இல் ஜெர்மனியின் மார்புர்க் மருத்துவர்கள் இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள்: இதயம் செயலிழந்து, காது கேளாமல், பார்வை மங்கி வந்தவருக்குக் காரணம் கோபால்ட் நஞ்சு. உடைந்த செராமிக் மூட்டை எடுத்துவிட்டு அவருக்கு உலோகப் பந்து வைத்திருந்தார்கள். செராமிக் உடைந்தால் மறுபடியும் செராமிக் பந்துதான், இது விதி என்றே வைத்துக்கொள்ளலாம்.

செராமிக் பந்தா, உலோகப் பந்தா, பாலி லைனரின் மேல்?

ஆக, லைனர் குறுக்குப் பிணைப்புப் பாலி என்று வைத்துக்கொண்டால், மிச்சமிருக்கும் போட்டி பந்துக்குள்தான். லைனரின் தேய்மானத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வருவது யாரும் அதிகம் பேசாத இடத்தில்: பந்தும் தண்டும் சேரும் கூம்பு இணைப்பில். கோபால்ட்-குரோமியப் பந்து அங்கே நுண்ணிய அளவில் அசைந்து அசைந்து அரிக்கும், அயனிகள் கசியும், சிலருக்கு உலோக-உலோக மூட்டில் வந்த அதே திசுச் சேதம் இங்கேயும் வரும். பந்து பெரிதாக ஆக இந்த அபாயமும் கூடும். செராமிக் பந்தில் இது மிகக் குறைவு.

அதனால் ஐம்பது, அறுபது வயதில் இருப்பவருக்குச் செராமிக் பந்து என்பது என் தேர்வு. எண்பதைத் தாண்டியவருக்கு உலோகப் பந்து போதும். அதற்காக யாரும் குற்ற உணர்வோடு இருக்க வேண்டியதில்லை. அரிப்பு தொல்லை தருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும், எண்பது வயதில் அதைவிடப் பெரிய கவலைகள் வேறு உண்டு.

இடையில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. ஸிர்கோனியம் உலோகத்தைச் சூடாக்கி மேற்பரப்பை மட்டும் செராமிக்காக மாற்றிய பந்து; ஆக்ஸினியம் என்ற பெயரில் வருகிறது. உள்ளே உலோகம் என்பதால் உடையாது, மேலே செராமிக் என்பதால் வழவழப்பு. பதிவேடுகளில் நல்ல பெயர். மூட்டு நழுவி, திரும்பப் பொருத்தும்போது கிண்ணத்தின் விளிம்பில் உரசினால் அந்த மெல்லிய மேலடுக்கு சேதமாகும் என்பதே இதன் பலவீனம். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களிடம் இதையும் செராமிக்கையும் பரிந்துரைப்பார்கள். தோலில் நிக்கல் பட்டால் அரிக்கிறது என்பதற்காக உள்ளே வைக்கும் மூட்டு தோற்கும் என்று பெரிய ஆதாரம் இல்லை. ஆனாலும் மாற்று இருக்கும்போது அதை எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

பந்தின் அளவு

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரிய பந்து எளிதில் நழுவாது, ஆனால் அதே கிண்ணத்துக்குள் லைனர் மெல்லியதாகிவிடும், தேயும் பரப்பும் கூடும். 32 அல்லது 36 மி.மீ. என்பது இன்று பரவலான சமரசம். இதற்கு மேலே போக ஆசைப்பட்டவர்கள்தான் உலோக-உலோக அலையில் மாட்டிக்கொண்டார்கள்.

நழுவும் அபாயம் மிக அதிகம் உள்ளவர்களுக்கு வேறு வழி உண்டு. பிரான்சில் 1970களில் ழில் பூஸ்கே உருவாக்கிய இரட்டை அசைவுக் கிண்ணம்: சிறிய பந்து ஒரு பாலிப் பந்துக்குள் சுழலும், அந்தப் பாலிப் பந்தும் வெளிக்கிண்ணத்துக்குள் சுழலும். முதுகெலும்பை இணைத்து அறுவை செய்துகொண்டவர்கள், பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள், மறதி நோயால் "இப்படிக் குனியாதீர்கள்" என்ற அறிவுரையை நினைவில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் இவர்களுக்கு இது பெரிய உதவி. முதுகில் அறுவை நடந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இடுப்புக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து கொடுப்பதால்தான் பந்து கிண்ணத்துக்குள் நிற்கிறது. முதுகு இறுகிப்போனால் அந்த வசதி போய்விடும்.

சிமென்ட்: பழசு என்று ஒதுக்க வேண்டாம்

சிமென்ட் போடாத மூட்டு நவீனமானது, போட்டது பழையது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எலும்புச் சிமென்ட் என்பது அக்ரிலிக் பிளாஸ்டிக் வகை. அது பசைபோல ஒட்டுவதில்லை. தண்டுக்கும் எலும்புக்கும் இடையே உள்ள வெளியை நிரப்பி, எலும்பின் துளைகளுக்குள் புகுந்து இறுகிக்கொள்கிறது. சில நிமிடங்களில் கெட்டியாகிவிடும் என்பதால் அன்றைக்கே முழுச் சுமையும் தாங்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தையும் அதில் கலக்கலாம்.

சிமென்ட் இல்லாத முறையில், சொரசொரப்பான டைட்டானியப் பரப்புள்ள தண்டை எலும்புக்குள் இறுக்கமாகத் தட்டி இறக்குவார்கள். அடுத்த சில வாரங்களில் எலும்பு அதன் துளைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். டைட்டானியம் ஏன் என்றால், அதன் விறைப்பு கோபால்ட்-குரோமியத்தில் பாதிதான். எலும்பைவிட அதுவும் பல மடங்கு விறைப்பானதுதான் என்றாலும் எலும்போடு சேர்ந்து கொஞ்சமாவது வளைந்து கொடுக்கும். தண்டு மிக விறைப்பாக இருந்தால் சுமை எல்லாவற்றையும் அதுவே தாங்கும், வேலை இல்லாத எலும்பு மெலிந்துவிடும்.

எலும்பு திடமாக உள்ளவருக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் எழுபதைத் தாண்டிய, குறிப்பாக எலும்பு மெலிந்த பெண்களுக்கு, இறுக்கித் தட்டும்போதோ அடுத்த சில மாதங்களிலோ தொடை எலும்பு பிளக்கும் அபாயம் கணிசமாகக் கூடுகிறது. அந்த முறிவு சாதாரணமானது இல்லை. இரண்டாவது பெரிய அறுவை, நீண்ட படுக்கை. பல நாட்டுப் பதிவேடுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது, இந்த வயதில் தண்டுக்குச் சிமென்ட் போட்டவர்களுக்கே மறு அறுவை குறைவு என்பதைத்தான். இருந்தும் பல இடங்களில் எல்லா வயதினருக்கும் சிமென்ட் இல்லாததே பொருத்தப்படுகிறது. அறுவை சீக்கிரம் முடிகிறது என்பது ஒரு காரணம், அப்புறம் இளைய மருத்துவர்களுக்குச் சிமென்ட் கைப்பழக்கம் குறைந்துவருவதும் ஒரு காரணம்.

சிமென்ட்டின் பக்கம் ஓர் ஆபத்து உண்டு. அதை அழுத்தி உள்ளே செலுத்தும்போது எலும்பு மஜ்ஜைக் கொழுப்பு இரத்தத்தில் கலந்து, இரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் சட்டென இறங்கலாம். அரிதானது, ஆனால் இதயம், நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களிடம் மயக்க மருந்து மருத்துவர் இதை முன்கூட்டியே எடைபோட வேண்டும்.

நடுவழியும் இருக்கிறது: தண்டுக்குச் சிமென்ட், கிண்ணத்துக்கு வேண்டாம். ஹைபிரிட் என்பார்கள். எழுபதுக்கு மேற்பட்டவருக்கு நான் முதலில் விசாரிக்கச் சொல்வது இதைத்தான்.

எத்தனை ஆண்டு வரும்?

2019-இல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி, பொருத்திய மூட்டுகளில் 58 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்கின. 15 ஆண்டுகளைத் தாண்டியவை 89 சதவீதம். இவை பழைய பாலி காலத்து மூட்டுகள் என்பதை மறக்க வேண்டாம். இன்றைக்குப் பொருத்துபவை இதைவிட நன்றாக வர வாய்ப்புண்டு.

வயது எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்கிறது என்பதற்கு 2017-இல் வந்த பிரிட்டன் கணக்கு ஒன்று. எழுபதுக்கு மேல் மாற்றிக்கொண்டவர்களில் வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படுவோர் சுமார் 5 சதவீதம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களில் 35 சதவீதம் வரை, பெண்களில் 20 சதவீதம். எழுபது வயதுக்காரர் செராமிக்கா மெட்டலா என்று தூக்கம் கெடுவதில் அர்த்தமில்லை. அவருக்கு எதை வைத்தாலும் அனேகமாக அது அவரோடு கடைசிவரை இருக்கும். தொற்று, நழுவல், எலும்பு முறிவு ஆகிய மூன்றும் வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு முக்கியம், அவை பொருளைவிட மருத்துவரின் கையையும் அறுவை அரங்கின் சுத்தத்தையும் பொறுத்தவை. பொருள் தேர்வு உண்மையிலேயே எடை பெறுவது ஐம்பத்தைந்துக்குக் கீழே. அங்கேயும் செராமிக் பந்தும் பாலி லைனரும் என்பதே என் முதல் தேர்வு. நாற்பதுகளில் இருந்து, செராமிக் மேல் செராமிக் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால், அதை வாடிக்கையாகச் செய்யும் மருத்துவரிடம் மட்டும் போங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

இந்தக் குறிப்பிட்ட தண்டும் கிண்ணமும் எத்தனை ஆண்டுப் பதிவு உள்ளவை என்பது முதல் கேள்வி. பிரிட்டனில் ஒடெப் என்ற குழு ஒவ்வொரு மாடலுக்கும் தரம் கொடுக்கிறது. "10ஏ" என்றால் பத்தாண்டு வலுவான ஆதாரம் உண்டு என்று பொருள், நட்சத்திரக் குறி சேர்ந்தால் இன்னும் நல்லது. மாடல் பெயர் தெரிந்தால் இணையத்தில் யாரும் பார்க்கலாம். "அதே வடிவம்தான், விலை குறைவு" என்ற பதிலை ஏற்காதீர்கள். 1990களில் பிரிட்டனில் சார்ன்லி மூட்டைப்போலவே செய்து மலிவாக விற்கப்பட்ட கேப்பிடல் என்ற மூட்டு இருந்தது. சில ஆண்டுகளிலேயே தளரத் தொடங்கி, 1998-இல் அரசு எச்சரிக்கை விடுத்து நோயாளிகளைத் தேடிப்பிடிக்க வேண்டி வந்தது.

அடுத்தது, நீங்கள் வழக்கமாக எதை வைக்கிறீர்கள் என்பது. ஒரு மருத்துவர் ஆண்டுக்கணக்கில் கைப்பழகிய மாடலை விட்டு, உங்கள் விருப்பத்துக்காக அவர் அதிகம் தொடாத ஒன்றை வைப்பது நல்ல பேரம் இல்லை. என் பட்டியலும் அவர் வழக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால், சின்ன வித்தியாசமாக இருக்கும்பட்சத்தில் அவர் வழக்கத்துக்கே விட்டுவிடுவேன். உலோக-உலோகமாக இருந்தால் மருத்துவரை மாற்றுவேன்.

கடைசியாக, அறுவை முடிந்து வீடு திரும்பும் முன் இம்பிளாண்ட் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தண்டு, பந்து, கிண்ணம், லைனர் ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டிக்கர் இருக்கும்: நிறுவனம், மாடல், அளவு, தொகுதி எண். பதினைந்து ஆண்டுகள் கழித்து லைனரை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலை வந்தால், எந்தக் கிண்ணம், எந்தக் கூம்பு என்று தெரியாமல் பொருந்தும் உறுப்பை வரவழைக்க முடியாது. எக்ஸ்ரேயில் அது தெளிவாகத் தெரியாது. அந்தத் தாள் இல்லாததால் நன்றாக இருக்கும் தண்டையும் கிண்ணத்தையும் எலும்போடு பெயர்த்தெடுக்க வேண்டிவரலாம். போனில் ஒரு படம், வீட்டுக் கோப்பில் ஒரு நகல், பிள்ளைகளிடம் ஒன்று என வைத்துக்கொள்ளுங்கள்.